இருவர் உள்ள வீட்டில் பேக்கரி ரொட்டியைப் புதிதாக உண்ணும் முறை

கன்னியாகுமரி மாவட்டத்துத் தக்கலையில் குடியிருக்கும் எனக்கும் என் மனைவிக்கும் மாலைச் சாயாவுடன் அன்று சுட்ட ரொட்டி இருந்தாக வேண்டும். திருமணமான புதிதில் ஆசை மிகுதியால் பெரிய ரொட்டியாக வாங்கி, பூஞ்சை பிடித்த பாதியை மனம் வருந்தி எறிந்திருக்கிறோம். வாங்கும் நேரமும் வைக்கும் இடமும் சரியாக அமைந்தால் ஒரு துண்டு கூட வீணாகாது.

ரொட்டி அடுப்பிலிருந்து எப்போது இறங்கும் என்பதைக் கடையிலேயே கேட்டு அறிந்துகொள்ளுங்கள். சூடாகக் கையில் வாங்கியதும் பிய்த்துத் தின்னத் தோன்றும். ஆனால், வெந்து இறங்கும் ரொட்டியின் உட்பகுதி ஏறக்குறைய 95 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருப்பதாலும், அந்தச் சூடு தணியும்போதுதான் மாவுச்சத்து இறுகி உருப்பெறுவதாலும், முன்னதாக வெட்டினால் அது கத்தியில் ஒட்டிக் களியாகிவிடும். வெட்டாத ரொட்டியாகவே வாங்கி, உறையின் வாயைத் திறந்து, ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் ஆறவிடுங்கள். உறையைக் கட்டிவைத்தால் நீராவி உள்ளேயே தங்கி மேல்தோல் நமுத்துப்போகும். பிறகு, பல் உள்ள கத்தியால் அழுத்தாமல் அறுங்கள். மொறுமொறுப்பான முனைத் துண்டுகள் இரண்டையும் ஆளுக்கொன்றாக முதலிலேயே எடுத்துவைப்பது எங்கள் வழக்கம். இல்லறத்துக்கு அது நல்லது.

மிச்சத்தைக் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்காதீர்கள். பலரும் செய்யும் பிழை இதுதான். உறைநிலைக்குச் சற்று மேலான குளிரில் மாவுச்சத்து மிக விரைவாக மீண்டும் இறுகுவதால், வெளியே வைத்த ரொட்டியைவிட அது முன்னதாகவே வறண்டுவிடும். அன்றும் மறுநாளும் உண்பதை மூடிய பாத்திரத்தில் வெளியே வைத்து, மற்றதைத் துண்டுகளாக்கிக் காற்றுப்புகாத உறையிலிட்டு உறைபெட்டியில் (ஃப்ரீசரில்) வைத்துவிடுங்கள். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழைகளும் பெய்யும் நம் மாவட்டத்தில் ஈரக்காற்று பூஞ்சையை விரைவில் வரவழைக்கும் என்பதால், மழைநாட்களில் சிறிய ரொட்டி வாங்குவதே நல்லது. ஓரிடத்தில் பூஞ்சை தென்பட்டாலும் அந்த இடத்தை மட்டும் கிள்ளிவிட்டு உண்ணக் கூடாது. அதன் நுண்ணிய இழைகள் கண்ணுக்குப் புலப்படாமல் உள்ளே பரவியிருக்கும்.

பூஞ்சையின்றி வறண்ட துண்டுக்கு மீட்பு உண்டு. இலேசாக நீர் தெளித்து, சிறுதீயில் காய்ந்த தோசைக்கல்லில் இட்டு, ஓரிரு நிமிடம் மூடிவையுங்கள். 60 டிகிரிக்கு மேல் சூடேறியதும் இறுகிய மாவுச்சத்து இளகி, துண்டு மென்மையாகும். ஆறினால் மறுபடியும் இறுகிவிடுமாகையால், உண்ணும் அளவுக்கு மட்டும் சுடுங்கள். அந்தச் சூடு தணிவதற்குள், 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மட்டி வாழைப்பழத்தை மசித்துத் தடவி இருவரும் உண்டு பாருங்கள். சர்க்கரையோ ஜாமோ வேண்டியிராது.