டயரின் உள்விளிம்பு சொன்ன சேதி

என் கார் இடப்பக்கமாக இழுத்துக்கொண்டே இருந்தது. சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் வீல் அலைன்மென்ட் இரண்டு முறை செய்தும் ஒரே வாரத்தில் பழைய நிலைதான். வெளியிலிருந்து பார்த்தால் டயர் நன்றாகவே தெரிந்தது. ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பி, உள்விளிம்பைத் தடவியபோதுதான் பதறிப்போனேன். டயரை மாற்றும் நேரத்தைக் காட்டும் 1.6 மில்லிமீட்டர் தேய்மானக் குறியோடு ரப்பர் சமமாகியிருந்தது. இதே டயரில் குடும்பத்தோடு மலைப்பாதை ஏறியிருக்கிறேன்!

மெக்கானிக் அண்ணன் வண்டியைத் தூக்கி நிறுத்தி, சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்மைக் கம்பியால் நெம்பிக் காட்டினார். அது வண்டியோடு சேரும் இடத்திலுள்ள புஷ் ரப்பர் கிழிந்து ஆடியது. "இது ஆடுகிறவரை எந்த அலைன்மென்டும் நிற்காது, சார்" என்றார்.

இரு பக்கமும் புஷ், முன் டயர்கள் இரண்டும் மாற்றி, கடைசியில்தான் அலைன்மென்ட் செய்தோம். ஸ்டியரிங் இப்போது நேராக நிற்கிறது. மாதந்தோறும் டயர் சூடேறும் முன்பே காற்றழுத்தம் பார்க்கிறேன்; உள்விளிம்பையும் தடவிவிடுகிறேன்.