கையில் கடிகாரம், ஃபோனில் ரிப்போர்ட்: எங்கே தவறு செய்கிறோம்?

சித்தி திருச்சியிலிருந்து திரும்பியபோது பெட்டியில் முறுக்கு, மாவடு எல்லாவற்றோடும் ஒரு தடித்த ரிப்போர்ட்டும் வந்தது. அங்கே ஒரு லேபில் முழு உடல் பரிசோதனை என்று எண்பது சொச்சம் சோதனைகளை ஒரே நாளில் எடுத்திருக்கிறார். ஐந்து இடத்தில் சிவப்பு எழுத்து. கெட்ட கொழுப்பு (எல்டிஎல் கொலஸ்ட்ரால்) 131 என்று வேறு போட்டிருந்தது. இங்கே சிங்கப்பூரில் பலதுறை மருந்தகத்தில், அதாவது பாலிகிளினிக்கில், பார்த்தபோது 3.4 தானே இருந்தது, ஆறு மாதத்தில் இப்படியா ஏறும் என்று பயந்துபோய், சாங்கி விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழியிலேயே எனக்கு ஃபோன்.

ஏறவே இல்லை. இந்தியாவில் மில்லிகிராம் கணக்கு, சிங்கப்பூரில் மில்லிமோல் கணக்கு. கொலஸ்ட்ரால் என்றால் இங்கத்திய எண்ணை 38.7-ஆல் பெருக்க வேண்டும், சர்க்கரை என்றால் 18-ஆல். 3.4-ஐப் பெருக்கிப் பாருங்கள், 131 சொச்சம்தான் வரும். வெறும் வயிற்றில் சர்க்கரை இங்கே 7.0 என்பது அங்கே 126. இரண்டு நாட்டுக்கும் போய் வருகிற நம் குடும்பங்களில் இந்தக் குழப்பம் அடிக்கடி நடக்கிறது. ஃபோன் செயலியில் எண்ணைப் பதியும்போது எந்த அலகு என்று பார்க்காமல் போட்டுவிட்டு, அது கத்துகிறதே என்று இரவு முழுக்கத் தூங்காதவர்களும் உண்டு.

சரி, அந்த ஐந்து சிவப்பு? பெரும்பாலான சோதனைகளில் 'நார்மல்' என்கிற எல்லை எப்படி வருகிறது என்றால், ஆரோக்கியமாக இருக்கும் நிறையப் பேரைச் சோதித்து, நடுவில் வரும் 95 சதவீதத்தை நார்மல் என்று வைக்கிறார்கள். அப்படியானால் நோயே இல்லாத ஒருவருக்கும் இருபது சோதனைக்கு ஒன்று வெளியே விழ வாய்ப்பு இருக்கிறது. எண்பது எடுத்தால் நாலு. சித்தியின் ஐந்தில் நான்கு இந்த ரகம்தான், கோட்டை மயிரிழையில் தாண்டியவை. எத்தனை சோதனை எடுக்கிறோமோ அத்தனை நல்லது என்று நினைப்பதுதான் முதல் தவறு என்று நான் சொல்வேன், ஏனென்றால் ஒவ்வொரு சிவப்பும் இன்னொரு சோதனைக்கும் இன்னொரு வாரக் கவலைக்கும் இழுத்துக்கொண்டு போகும்.

ஒவ்வொருவரின் உடம்புக்கும் ஏற்ற மருத்துவம் என்பதை நான் முழு மனதோடு நம்புகிறேன். ஆனால் மரபணுச் சோதனை, சென்சார், மோதிரம் என்று புதிதாக வாங்குவதற்கு முன்னால், ஏற்கெனவே கையில் இருப்பதை நாம் படிப்பதே இல்லை. சிங்கப்பூரில் 1965-லிருந்தே பிறக்கும் குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி என்கிற நொதி போதுமான அளவு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். குறைபாடு உள்ளவர்களுக்குச் சில மருந்துகள், சில மூலிகைகள், துணி அலமாரியில் போடும் அந்துருண்டை போன்றவை சிவப்பணுக்களை உடைத்துவிடும். பரம்பரையாக வரும் ஒரு குறையைப் பார்த்து, 'இவருக்கு இது ஆகாது' என்று பிறந்த வாரத்திலேயே எழுதிக் கொடுக்கிறார்களே, இதைவிட என்ன தனிநபர் மருத்துவம் வேண்டும்? ஆனால் வளர்ந்த பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், தங்களுக்கு இருக்கிறதா இல்லையா என்று பாதிப் பேருக்குத் தெரியாது, அம்மாவுக்குத்தான் தெரியும்.

குடும்ப வரலாறும் அப்படித்தான். நம் வீடுகளில் நோயை மறைப்பது பெரிய பழக்கம். "மாமாவுக்குத் திடீரென்று நெஞ்சு அடைத்துவிட்டது" என்று சொல்வோமே தவிர, எத்தனை வயதில் என்று யாரும் சொல்வதில்லை. மருத்துவருக்கு அந்த வயதுதான் வேண்டும். அப்பாவுக்கோ அண்ணனுக்கோ 55 வயதுக்குள், அம்மாவுக்கோ அக்காவுக்கோ 65 வயதுக்குள் மாரடைப்பு வந்திருந்தால் உங்கள் கணக்கே மாறும். உலகில் ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்குக் கெட்ட கொழுப்பு பிறவியிலேயே மிக அதிகமாக இருக்கிறது, சாப்பாட்டைக் குறைத்தால் மட்டும் அது இறங்காது, பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இந்தக் கோளாறுக்காகவே 2025-இல் இங்கே தேசிய அளவில் மானியத்தோடு மரபணுச் சோதனைத் திட்டம் தொடங்கினார்கள். அதற்கு அனுப்பலாமா என்று முடிவெடுக்க மருத்துவர் பார்ப்பது உங்கள் கொழுப்பு அளவையும் குடும்பக் கதையையும்தான். லைப்போபுரோட்டீன் ஏ என்று இரத்தத்தில் ஓடும் இன்னொரு கொழுப்புத் துகள், பெரும்பாலும் பரம்பரையாக வருவது, தெற்காசியர்களிடம் கொஞ்சம் கூடுதலாகக் காணப்படுவது. பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும். நம் குடும்பங்களில் இளவயது மாரடைப்பு இருந்தால் இதைப் பற்றி மருத்துவரிடம் தாராளமாகக் கேளுங்கள்.

ஒரே எண்ணைப் பிடித்துத் தொங்குவது

இது நானே செய்த தவறு. அப்பாவுக்கு நாற்பது வயதிலேயே இனிப்புநீர் வந்தது, எனக்கும் வந்துவிடுமோ என்ற பயம் எப்போதும் உண்டு. அதனால் கையில் ஒட்டிக்கொள்ளும் சர்க்கரை சென்சாரை இரண்டு வாரம் போட்டுப் பார்த்தேன். காலையில் நாலு இட்லி சாப்பிட்டால் கோடு மலை மாதிரி ஏறுகிறது. மெதுவடை சாப்பிட்டால் ஏறவே இல்லை. எண்ணெயும் உளுந்தும் சர்க்கரையை மெதுவாகத்தானே விடும். நான் என்ன செய்தேன், இட்லியை நிறுத்திவிட்டு வடை, முட்டை, வறுத்த கோழி என்று மாறினேன், கோடு தட்டையாக இருந்தது, சந்தோஷமாக இருந்தேன். மூன்று மாதம் கழித்து இரத்தச் சோதனையில் கெட்ட கொழுப்பு ஏறியிருந்தது. சென்சார் பொய் சொல்லவில்லை, அதற்குச் சர்க்கரை மட்டும்தான் தெரியும். என் இரத்தக்குழாயைப் பற்றி அது ஒரு வார்த்தையும் பேசவில்லை, நான்தான் பேசியதாக எடுத்துக்கொண்டேன்.

அந்தக் கருவி அளப்பது இரத்தத்தை இல்லை, தோலுக்கு அடியில் செல்களுக்கு இடையே இருக்கும் நீரை. அதனால் சில நிமிடங்கள் பின்தங்கியே காட்டும். இரவில் அந்தக் கையை அழுத்திப் படுத்தால் சர்க்கரை விழுந்துவிட்ட மாதிரி காட்டும், பயந்து எழுந்து மைலோ குடிக்க வேண்டாம். சாப்பிட்டதும் சர்க்கரை ஏறுவது இயல்பு, நீரிழிவு இல்லாதவருக்கும் ஏறும், இறங்கும். இவ்வளவு சொன்னாலும், ஒரு விஷயத்துக்காக அந்த இரண்டு வாரத்துக்கு நான் நன்றியோடு இருக்கிறேன்: இட்லிக்கு முன்னால் கொஞ்சம் காய்கறியும் சுண்டலும் சாப்பிட்டு, பிறகு புளோக் கீழே பதினைந்து நிமிடம் நடந்தால், அதே இட்லிக்குக் கோடு பாதிதான் ஏறியது. என் உடம்பில் நானே பார்த்ததால் அந்த நடை இன்றுவரை நிற்கவில்லை.

மூன்று மாதச் சராசரி என்று சொல்கிறோமே, எச்பிஏ1சி, அதிலும் ஒரு பொறி இருக்கிறது. சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதத்தில் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று பார்க்கிற சோதனை அது. சிவப்பணுவின் ஆயுள் குறைந்தால் எண் உண்மையைவிடக் குறைவாக வரலாம், இரும்புச்சத்துக் குறைந்த சோகை இருந்தால் கூடுதலாக வரலாம். தலசீமியா என்கிற பரம்பரை இரத்தக் குறையின் கூறு உள்ளவர்கள், ஜி6பிடி குறைபாடு உள்ளவர்கள், மாதவிடாயில் இரத்தம் அதிகம் போகிற பெண்கள், இவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லாமல் அந்த எண்ணை மட்டும் வைத்து நிம்மதி அடையவும் கூடாது, அழவும் கூடாது. இன்னொன்று, அமெரிக்கக் காணொளியைப் பார்த்து எச்பிஏ1சி 5.8 சதவீதத்துக்கே 'எனக்கு வந்துவிட்டது' என்று முடிவு கட்டாதீர்கள். அங்கே 5.7-இலிருந்து எச்சரிக்கை, 6.5 என்றால் நீரிழிவு. சிங்கப்பூரில் பரிசோதனைக்கு வருபவர்களுக்கு 6.1 முதல் 6.9 வரை வந்தால் வெறும் வயிற்றுச் சோதனையும் எடுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள், 7.0 அல்லது அதற்கு மேல் வந்தால்தான் எச்பிஏ1சியை மட்டும் வைத்து நீரிழிவு என்று சொல்கிறார்கள். உடல் எடைக் குறியீட்டில் இதற்கு நேர் எதிர்: வெள்ளைக்காரர்களுக்கு 25 வரை பரவாயில்லை என்றால் நமக்கு 23-இலேயே கவனம் தொடங்க வேண்டும். எந்த ஊர் மக்களை வைத்துப் போட்ட எல்லை என்று கேட்காமல் எதையும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கடிகாரம் சொன்னதாம்

கடிகாரம் காலடியை ஓரளவு சரியாக எண்ணும், ஓய்வில் இருக்கும் நாடித்துடிப்பையும். ஆழ்ந்த தூக்கம் எத்தனை நிமிடம் என்பதெல்லாம் ஊகம்தான், மூளை அலையை அது பார்ப்பதில்லை. இரத்தத்தில் ஆக்சிஜன் அளவை ஒளியை வைத்து அளக்கும் கருவிகள், விரலில் மாட்டுவது உட்பட, கருத்த தோலில் உண்மையைவிடக் கூட்டிக் காட்டக்கூடும் என்பது கோவிட் காலத்தில் பரவலாக வெளிச்சத்துக்கு வந்தது. நம்மில் பலர் கருப்பு. மூச்சு வாங்குகிறது, ஆனால் கடிகாரம் 96 காட்டுகிறது என்று வீட்டிலேயே உட்கார்ந்திருப்பது ஆபத்து. மூச்சைத்தான் நம்ப வேண்டும்.

இரத்த அழுத்தத்துக்கு மேல்கையில் சுற்றும் பட்டைக் கருவியே நல்லது, பட்டை உங்கள் கைப் பருமனுக்குப் பொருந்த வேண்டும். ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, காலைப் பின்னாமல், கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, பேசாமல் எடுங்கள். தே தாரிக் குடித்த கையோடு எடுக்காதீர்கள், அரை மணி நேரம் போகட்டும். ஒரு நாள் எண்ணைவிட ஒரு வாரச் சராசரிதான் முக்கியம். எண் நன்றாக இருக்கிறதே என்று மாத்திரையை நிறுத்திவிடும் பெரியவர்கள் இருக்கிறார்கள். ஐயா, மாத்திரை சாப்பிடுவதால்தான் எண் நன்றாக இருக்கிறது. தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

எச்சில் குழாயை அனுப்புவதற்கு முன்

வீட்டிலிருந்தே எச்சிலை அனுப்பிச் செய்யும் மரபணுச் சோதனைகளில் 'உங்களுக்கு இந்த நோய் வர இத்தனை வாய்ப்பு' என்று வருவதில் பல, நூற்றுக்கணக்கான சிறு மாற்றங்களைக் கூட்டிப் போட்ட மதிப்பெண். அந்தக் கணக்குக்கு அடிப்படையான ஆய்வுகளில் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளியினர். தமிழர் உடம்புக்கு அதே மதிப்பெண் அப்படியே பொருந்தாது. இதனால்தான் சீனர், மலாய்க்காரர், இந்தியர் மூவரையும் சேர்த்து ஒரு லட்சம் பேரின் மரபணுத் தொகுப்பைப் படிக்கும் திட்டத்தைச் சிங்கப்பூர் எடுத்திருக்கிறது. நம் ஆட்கள் அதில் பங்கெடுப்பதை நான் பெருமையாக நினைக்கிறேன்.

மருந்துக்கு உடம்பு எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சொல்லும் மரபணுச் சோதனைகளில் சிலவோ மிக உறுதியானவை. வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெபின் மருந்து, எச்எல்ஏ-பி 1502 என்கிற மரபணு வகை உள்ளவர்களுக்குத் தோல் உரிந்து உயிருக்கே ஆபத்தாகும் ஒவ்வாமையை உண்டாக்கலாம். அதனால் 2013-இலிருந்து இங்கே ஆசிய வம்சாவளியினருக்கு அதைப் புதிதாகத் தொடங்கும் முன் இந்தச் சோதனை செய்வது வழக்கமான சிகிச்சையாகிவிட்டது. இதய அடைப்புக்குக் குழாய் வைத்த பிறகு, இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் குளோப்பிடோகிரெல் சிலர் உடம்பில் சரியாக வேலை செய்யாததற்கும் மரபணுதான் ஒரு காரணம். ஆனால் இதை இணையத்தில் படித்துவிட்டு நாமே மாத்திரையை மாற்றவோ நிறுத்தவோ கூடாது, குழாய் அடைத்துக்கொள்ளும். முடி வளர என்று சாப்பிடும் பயோட்டின் மாத்திரைகூடத் தைராய்டு சோதனையைக் குழப்பிவிடும், அதையும் சொல்லிவிட்டே இரத்தம் கொடுங்கள்.

அப்புறம், உங்கள் மரபணு உங்களுடையது மட்டும் இல்லை. அக்கா, தம்பி, பிள்ளைகள் எல்லோரும் அதில் பங்கு. எச்சில் சோதனை செய்யும் அமெரிக்காவின் 23அண்ட்மீ நிறுவனத்திலிருந்து 2023-இல் சுமார் 69 லட்சம் பேரின் விவரம் கசிந்தது, 2025-இல் அந்த நிறுவனம் திவால் பாதுகாப்புக்கு மனு செய்தது. கடவுச்சொல்லை மாற்றலாம், மரபணுவை மாற்ற முடியாது. வீட்டில் பேசிவிட்டுச் செய்யுங்கள். காப்புறுதியைப் பற்றிப் பயம் இருந்தால், 2021-இல் சுகாதார அமைச்சும் ஆயுள் காப்புறுதிச் சங்கமும் ஓர் ஏற்பாடு செய்திருக்கின்றன: மரபணுச் சோதனை செய்துகொண்டு வா என்று காப்புறுதி நிறுவனம் கட்டாயப்படுத்தக் கூடாது, நீங்களாக வாங்கிச் செய்த சோதனையின் முடிவையும் கேட்கக் கூடாது. சில விதிவிலக்குகள் உண்டு, சோதனைக்கு முன்னால் படித்துவிடுங்கள். அதே மாதிரி, அடையாள அட்டை எண்ணோடு கூடிய ரிப்போர்ட்டைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவதையும், செயற்கை நுண்ணறிவு செயலியில் அப்படியே ஏற்றுவதையும் நிறுத்துங்கள். பெயரையும் எண்ணையும் மறைக்க ஒரு நிமிடம் போதும்.

சித்தி விஷயத்துக்கு வருகிறேன். அவர் அரசாங்கத்தின் ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக்கில் பதிந்திருந்தார், ஆனால் ஒரே ஒரு முறைதான் போயிருக்கிறார். நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான திட்டம் அது. ஒரே மருத்துவர் வருடக்கணக்காக நம்மைப் பார்ப்பார், அதுதான் அதன் பலன். நானும் அவரும் மேசையில் உட்கார்ந்து ஒரே ஒரு தாள் எழுதினோம்: சாப்பிடும் மாத்திரைகள், நாட்டு மருந்து உட்பட. குடும்பத்தில் யாருக்கு என்ன நோய். ஏழு நாள் இரத்த அழுத்தம், காலையும் மாலையும். அரசாங்கத்தின் ஹெல்த்ஹப் செயலியில் இருந்த மூன்று வருடக் கொழுப்பு எண்கள், திருச்சி எண்ணையும் மில்லிமோலுக்கு மாற்றி. கடைசியில் மூன்று கேள்வி.

மருத்துவர் அந்தத் தாளை நிதானமாகப் படித்தார். எண்பது சோதனை ரிப்போர்ட்டையும் புரட்டினார். பிறகு, "அண்ணன் மாரடைப்பில் போனார் என்று எழுதியிருக்கிறீர்களே அம்மா, அப்போது அவருக்கு என்ன வயது?" என்று கேட்டார். சித்தி என்னைப் பார்த்தார், நான் சித்தியைப் பார்த்தேன். அன்று சாயங்காலமே மன்னார்குடியில் இருக்கும் அண்ணிக்கு ஃபோன் போட்டார். ஐம்பத்திரண்டு.