கடைக்காரர் கட்டிக்கொடுக்கும் ஜோடி ஒத்துவராது: பெங்களூரு வீட்டில் குட்டி சிக்லிட் வளர்ப்பது எப்படி

பாலிதீன் பையில் இரண்டு மீனைப் போட்டு, ரப்பர் பேண்ட் சுற்றி, "பக்கா ஜோடி சார்" என்று கொடுத்தால், பையில் இரண்டு மீன் இருக்கிறது என்பது மட்டும்தான் நிச்சயம். ஒன்று ஆண், ஒன்று பெண் என்பதிலேயே சில சமயம் சந்தேகம் வரும், அப்படியே இருந்தாலும் இரண்டுக்கும் ஒத்துப்போகும் என்று யார் சொன்னது? சிக்லிட்கள் முட்டையையும் குஞ்சையும் காவல் காக்கிற மீன்கள், அதனால் துணை விஷயத்தில் ரொம்பக் கறார். பிடிக்காத துணையை ராத்திரியோடு ராத்திரியாக வாலைக் கடித்து, செதிலை உரித்து, ஹீட்டருக்குப் பின்னால் ஒதுக்கிவிடும்.

அதனால் ஜோடியாக வாங்காதீர்கள். சிவாஜிநகர் ரசல் மார்க்கெட் பக்கத்துக் கடைகளில் தமிழிலேயே பேரம் பேசலாம், ஆறு சின்ன மீனாகக் கேளுங்கள். முடிந்தால் மூன்று இங்கே, மூன்று வேறு கடையில் என்று வாங்குவது நல்லது, ஒரே தாயின் குஞ்சுகளாக வந்து சேராது. ஆறும் ஒன்றாக வளரட்டும், இரண்டு தானாகச் சேர்ந்து ஒரு மூலையைப் பிடித்து மற்றதை விரட்ட ஆரம்பிக்கும். அப்போது மிச்ச நாலையும் எடுத்து வேறு தொட்டிக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எந்த மீன் என்பதை உங்கள் வீட்டுத் தண்ணீர்தான் முடிவு செய்ய வேண்டும். இந்த ஊரில் சம்ப்பில், அதாவது தரைக்கடித் தொட்டியில், என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. நேற்று காவேரி, இன்று போர்வெல், கோடையில் டேங்கர், எல்லாம் ஒரே சம்ப்பில் கலந்து ஒரே குழாயில் வரும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கி, தண்ணீர் மாற்றும்போதெல்லாம் முதலில் பக்கெட்டில் முக்கிப் பாருங்கள். போன வாரம் 250, இந்த வாரம் 800 என்றால் அன்றைக்குத் தண்ணீர் மாற்றாமல் விடுவதே மேல். காவேரித் தண்ணீரில் குளோரின் இருக்கும், அதை முறிக்கும் ஆன்டி குளோரின் மருந்து போடாமல் ஊற்றக் கூடாது.

நாள் முழுக்கப் போர் தண்ணீர்தான் என்றால் கிரிபென்சிஸ் வாங்குங்கள். மேற்கு ஆப்பிரிக்க மீன், கொஞ்சம் கடினமான தண்ணீரையும் தாங்கிக்கொள்ளும், புதிதாக ஆரம்பிப்பவருக்கு இதைவிட நல்ல சிக்லிட் எனக்குத் தெரிந்து இல்லை. இந்தியாவுக்கே சொந்தமான சிக்லிட் மூன்றே மூன்று, அதில் சின்னது ஆரஞ்சு குரோமைட், கேரளத்தில் பள்ளத்தி என்பார்கள். அதுவும் கடினத் தண்ணீரில் நன்றாக இருக்கும், ஆனால் நம் கடைக்காரர்கள் அதைக் கண்டுகொள்வதே இல்லை. ஜெர்மன் புளூ ராமும் அபிஸ்டோகிராமாவும் தென் அமெரிக்காவின் மென்மையான தண்ணீரில் வந்தவை. கடினத் தண்ணீரில் இவை உயிரோடு இருக்கும், முட்டைகூட இடும், ஆனால் முட்டை வெள்ளையாகிப் பூஞ்சை பிடித்துவிடும். ஆர்ஓ தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலந்தால் சமாளிக்கலாம். ஆர்ஓ என்றால் குடிக்கிற குழாய்த் தண்ணீர், கழிவுக் குழாயில் வருவது அல்ல, அதில் உப்பு இன்னும் அதிகம்.

பெங்களூரில் ஹீட்டர் வேண்டாம் என்று சொல்பவர் டிசம்பர் ராத்திரியில் தொட்டிக்குள் கை விட்டுப் பார்த்ததில்லை. ராமுக்கு 28 டிகிரி வேண்டும், கிரிப்புக்கும் அபிஸ்டோவுக்கும் 25, 26 போதும். அபிஸ்டோவில் இன்னொரு விஷயம் உண்டு: குஞ்சுகள் வளரும் காலத்துச் சூடுதான் ஆணா பெண்ணா என்பதைப் பெரிய அளவில் தீர்மானிக்கிறது. 29, 30 வைத்தால் ஆண்கள் கூடிப்போகும்.

தொட்டி இரண்டடி நீளம் இருந்தால் ஒரு ஜோடிக்குப் போதும். உயரம் முக்கியமில்லை, இவை தரையைத்தான் பங்கு போட்டுக்கொள்ளும். ஸ்பாஞ்ச் பில்டர் போட்டு, அதில் மீன் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா நிலைத்த பிறகே மீனை விடுங்கள், அதற்கு நாலைந்து வாரம்கூட ஆகலாம். கட்டட வேலைக்கு வரும் எம் சாண்ட் கூர்மையானது, வேண்டவே வேண்டாம். அபிஸ்டோ மணலை வாய் நிறைய அள்ளிச் செவுள் வழியாகச் சலித்துத் துப்பும் மீன், அதற்கு மெல்லிய உருண்டை மணல் வேண்டும். குகைக்குக் கொட்டாங்குச்சியைக் கொதிக்கவைத்துக் கவிழ்த்து, பெண் மீன் மட்டும் நுழையும் அளவுக்கு ஓரத்தில் ஒரு வாசல் வெட்டிவிடுங்கள். ராமுக்குக் குகை வேண்டாம், தட்டையான ஒரு கல் போதும்.

இனி ஜோடி சேரும் அடையாளம். கிரிப்பில் பெண்தான் அழகி. வயிறு செர்ரிச் சிவப்பாகி, உடம்பை வில்லாக வளைத்து ஆண் முன்னால் நின்று நடுங்கும். ராம் பெண்ணுக்கு வயிற்றில் ரோஸ் நிறம் தெரியும், ஆணின் முதுகுத் துடுப்பில் முன்பக்க முட்கள் நீளமாக இருக்கும். இரண்டும் மாறி மாறிக் கல்லை வாயால் கொத்திச் சுத்தம் செய்தால் ஓரிரு நாளில் முட்டையை எதிர்பார்க்கலாம். அபிஸ்டோவில் ஜோடி என்ற பேச்சே அவ்வளவு சரியில்லை. ககாட்டுவாய்டிஸ் போன்ற அபிஸ்டோ வகைகளில் ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண், ஒவ்வொன்றுக்கும் தனிக் கொட்டாங்குச்சி. முட்டை இட்ட பெண் எலுமிச்சை மஞ்சளாகிக் கறுப்புக் கோடுகளோடு வாசலில் நிற்கும், தன்னைவிட இரண்டு மடங்கு பெரிய ஆணையே துரத்தும். இரண்டடித் தொட்டியில் அவனுக்கு ஓட இடமில்லை, வால் கிழிய ஆரம்பித்தால் ஆணை எடுத்துவிடுங்கள்.

ராம் முட்டை 28 டிகிரியில் இரண்டு மூன்று நாளில் பொரிக்கும், குஞ்சு நீந்த இன்னும் சில நாள். முதல் இரண்டு மூன்று தடவை பெற்றோரே முட்டையைத் தின்றால் பதறாதீர்கள், இளம் மீன்கள் அப்படித்தான். ராத்திரியில் மங்கலாக ஒரு சின்ன விளக்கு எரியட்டும், காவல் காக்கக் கண் தெரிய வேண்டும். தரையில் மேயும் கோரிடோராஸ் கெளுத்தி அதே தொட்டியில் இருந்தால் முட்டைக்கு உத்தரவாதமில்லை, இருட்டில் அது மோப்பம் பிடித்தே வந்துவிடும். கரண்ட் போகும் ஏரியா என்றால் ஏர் பம்பை யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள்.

நீந்தும் குஞ்சுக்கு மாவு உணவு பலிக்காது, ஆர்டீமியா என்ற பொடி இறால்தான். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் கல்லுப்பு போட்டு, அரை ஸ்பூன் ஆர்டீமியா முட்டை தூவி, ஏர் டியூப் விட்டு 28 டிகிரியில் வையுங்கள், ஒரு நாளில் பொரிந்துவிடும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் ஓடு மேலே மிதக்கும், ஆரஞ்சுக் கூட்டம் கீழே டார்ச் வெளிச்சத்தைத் தேடி வரும், அதை உறிஞ்சி நல்ல தண்ணீரில் அலசிக் கொடுங்கள். குஞ்சின் வயிறு ஆரஞ்சாகத் தெரிந்தால் தின்றிருக்கிறது என்று அர்த்தம். ஒரு நாளில் மூன்று நாலு வேளை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, மிச்சத்தை ஏர் டியூப்பால் உறிஞ்சி எடுங்கள்.

பெற்றோர் அடுத்த முட்டைக்குத் தயாராகும்போது பழைய குஞ்சுகளைத் தாங்களே விரட்ட ஆரம்பிக்கும், அன்றைக்கே பிரித்துவிடுங்கள். ஒரு அங்குலம் வளர்ந்ததும் தெரிந்தவர்களுக்குக் கொடுக்கலாம். கொடுக்கும்போது இரண்டாக எண்ணிக் கொடுக்காமல் ஆறாகக் கொடுங்கள், எந்தத் தண்ணீரில் வளர்ந்தது என்பதையும் டிடிஎஸ்ஸோடு பையில் எழுதி ஒட்டுங்கள்.