பாஸ்வேர்டு சரிதான், ஆனாலும் மெயில் வரவில்லையா? பழைய மெயிலை இழக்காமல் புதிய லாகினுக்கு மாறும் வழி

தண்டர்பேர்டு என்ற கணினி மெயில் செயலியில் பல வருடமாக ஓடிக்கொண்டிருந்த என் மெயில் கணக்கு ஒருநாள் காலையில் திடீரென்று பாஸ்வேர்டு கேட்டது. கொடுத்தேன். மறுபடி கேட்டது. கேப்ஸ் லாக் பார்த்தேன், ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன், அப்போதும் கேட்டது. யாரோ கணக்கைத் திருடிவிட்டார்கள் என்று பயந்து, பிரவுசரில் போய் பாஸ்வேர்டை மாற்றினேன். உடனே போனிலும் மெயில் நின்றுபோனது. கடுப்பில், கணக்கையே நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்க்கலாம் என்று இறங்கினேன். நீக்கும்போது வந்த சின்னப் பெட்டியில் இரண்டு டிக் இருந்தன. படிக்காமல் இரண்டையும் போட்டேன். அதில் ஒன்று, கணினியில் இருக்கும் மெயில்களையும் சேர்த்து அழித்துவிடு என்பது. என்னுடையது பாப் கணக்கு, அதாவது மெயில்களைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் வகை. சர்வரில் பிரதி எதுவும் கிடையாது.

ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கில் எப்போதோ எடுத்து வைத்திருந்த காப்பியிலிருந்து பாதி மெயில்கள் திரும்பக் கிடைத்தன. மீதி போனது போனதுதான்.

இத்தனைக்கும் என் பாஸ்வேர்டில் ஒரு தப்பும் இல்லை. மெயில் நிறுவனம் லாகின் முறையை மாற்றியிருந்தது, அவ்வளவுதான். பல வாரம் முன்பே அறிவிப்பும் அனுப்பியிருந்தார்கள். மோசடி மெயில் என்று நினைத்து நான்தான் குப்பையில் தள்ளியிருக்கிறேன். ஆகவே முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: மெயில் செயலி "பாஸ்வேர்டு தவறு" என்று சொன்னால், அதே பாஸ்வேர்டை வைத்து பிரவுசரில் லாகின் செய்து பாருங்கள். அங்கே உள்ளே விட்டால் பாஸ்வேர்டை மாற்றாதீர்கள், கணக்கை நீக்காதீர்கள். கீழே உள்ளதைச் செய்யுங்கள்.

அப்படி என்னதான் மாறியது?

பழைய முறையில் உங்கள் உண்மையான பாஸ்வேர்டை மெயில் செயலி தன்னிடம் சேமித்து வைத்துக்கொண்டு, சர்வரோடு பேசும் ஒவ்வொரு முறையும் அதை அனுப்பும். வேறு ஏதோ ஒரு தளத்திலிருந்து கசிந்த பாஸ்வேர்டு பட்டியலை வைத்துக்கொண்டு ஐமேப் (மெயில்களைச் சர்வரிலேயே வைத்துப் படிக்கும் முறை) சர்வரில் வரிசையாகத் தட்டிப் பார்ப்பவர்களுக்கு இது வசதி. போனுக்கு வரும் குறியீட்டைக் கேட்கவும் அந்த முறையில் இடமில்லை. புதிய முறைக்குப் பெயர் ஓஆத்2. லாகின் பக்கம் தனி ஜன்னலில் திறக்கும், நீங்கள் நேரடியாக மெயில் நிறுவனத்திடமே பாஸ்வேர்டு கொடுப்பீர்கள். செயலிக்குக் கிடைப்பது ஒரு டோக்கன், அதாவது ஒரு அனுமதிச் சீட்டு மட்டும். வேண்டாம் என்றால் அந்த ஒரு டோக்கனை மட்டும் ரத்து செய்துவிடலாம்.

ஜிமெயில் தன் தனிநபர் கணக்குகளில் பழைய முறையை 2022 மே 30 முதல் நிறுத்தத் தொடங்கியது. அவுட்லுக்.காம் தனிநபர் கணக்குகளுக்கு அந்தத் தேதி 2024 செப்டம்பர் 16. உங்கள் மெயில் நிறுவனம் இன்னும் மாறவில்லை என்றால், இன்றைக்கே கீழே உள்ள முதல் இரண்டு படிகளையாவது முடித்து வையுங்கள்.

படி 1: எதையும் தொடுவதற்கு முன் பேக்கப்

தண்டர்பேர்டில் ஹெல்ப் மெனுவில் டிரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன் என்று இருக்கும். அதைத் திறந்தால் புரொஃபைல் ஃபோல்டர் என்ற வரியும் பக்கத்தில் ஒரு பட்டனும் தெரியும். பட்டனை அழுத்தினால் அந்த ஃபோல்டர் திறக்கும். இப்போது தண்டர்பேர்டை முழுதாக மூடிவிட்டு, அந்த ஃபோல்டரை அப்படியே வெளி டிஸ்க்குக்குக் காப்பி செய்யுங்கள். மூடாமல் காப்பி செய்தால் சில ஃபைல்கள் அரைகுறையாக வரலாம். ஒரு எச்சரிக்கை: சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளும் அதே ஃபோல்டரில்தான் இருக்கின்றன. கண்ட இடத்தில் போட்டு வைக்காதீர்கள்.

உங்களுடையது பாப் கணக்கா ஐமேப் கணக்கா என்று தெரியாவிட்டால் அக்கவுண்ட் செட்டிங்ஸில் சர்வர் செட்டிங்ஸ் பக்கத்தின் மேலேயே எழுதியிருக்கும். ஐமேப் என்றால் மெயில்கள் சர்வரில் இருக்கின்றன, கொஞ்சம் மூச்சு விடலாம். ஆனாலும் "லோக்கல் ஃபோல்டர்ஸ்" என்பதற்குள் நீங்கள் இழுத்துப் போட்டவை உங்கள் கணினியில் மட்டும்தான் இருக்கும். ஜிமெயில்காரர்கள் கூகுள் டேக்அவுட் மூலம் எல்லா மெயிலையும் எம்பாக்ஸ் ஃபைலாக இறக்கியும் வைத்துக்கொள்ளலாம்.

படி 2: மீட்பு விவரங்கள்

கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் மீட்பு போன் எண்ணும் மீட்பு மெயிலும் இருக்கும். எண் இன்னும் உங்களிடம்தான் இருக்கிறதா? மீட்பு மெயிலுக்குள் இப்போது போக முடிகிறதா? நான் பார்த்தபோது என் இரண்டு கணக்குகளும் ஒன்றுக்கொன்று மீட்பு மெயிலாக இருந்தன. வீட்டுச் சாவியை வண்டிக்குள்ளும் வண்டிச் சாவியை வீட்டுக்குள்ளும் வைத்துப் பூட்டிய கதை.

படி 3: இரண்டு கட்டச் சரிபார்ப்பு

பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீட்டையும் கேட்பதுதான் இது. ஓஆத்2-க்கு மாற இது கட்டாயமில்லை. ஆனால் பின்னால் வரும் ஆப் பாஸ்வேர்டுக்கு ஜிமெயிலில் இது இல்லாமல் முடியாது. எப்படியும் போட்டுவிடுங்கள்.

எஸ்எம்எஸ்ஸை நம்பி இருப்பது எனக்குப் பிடிக்காது. சிக்னல் இல்லாத இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள், உங்கள் எண்ணுக்கு வேறொருவர் சிம் வாங்கிவிடும் மோசடியும் இருக்கிறது. போனுக்குள்ளேயே குறியீட்டை உருவாக்கும் ஆதென்டிகேட்டர் செயலிதான் என் தேர்வு. ஆண்ட்ராய்டில் ஏஜிஸ் வைத்திருக்கிறேன்: திறந்த மூலம், இணையம் தேவையில்லை, எல்லாக் கணக்குகளையும் பூட்டிய ஒரே ஃபைலாக ஏற்றுமதி செய்யலாம். போன் தொலைந்தால் அந்த ஃபைல்தான் கைகொடுக்கும்.

முடித்ததும் பேக்கப் குறியீடுகள் கேளுங்கள். ஜிமெயில் 10 குறியீடுகள் தரும், ஒவ்வொன்றும் 8 இலக்கம், ஒருமுறைதான் பயன்படும். தாளில் எழுதி வையுங்கள். அதே மெயில் பெட்டிக்கு அனுப்பி "பத்திரமாக" வைத்திருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்!

படி 4: தண்டர்பேர்டில் லாகின் முறையை மாற்றுவது, இரண்டு இடத்தில்

நான் அரைநாள் தொலைத்தது இங்கேதான். பொறுமையாகப் படியுங்கள்.

அக்கவுண்ட் செட்டிங்ஸ் திறந்து, உங்கள் கணக்கின் கீழ் சர்வர் செட்டிங்ஸ் போங்கள். ஆதென்டிகேஷன் மெத்தட் என்ற இடத்தில் "நார்மல் பாஸ்வேர்டு" என்று இருக்கும். அதை ஓஆத்2 ஆக்குங்கள். கனெக்ஷன் செக்யூரிட்டி எஸ்எஸ்எல்/டிஎல்எஸ் ஆகவும், போர்ட் ஐமேப்புக்கு 993, பாப்புக்கு 995 ஆகவும் இருக்க வேண்டும்.

மெயில்களை இறக்கச் சொன்னால் லாகின் ஜன்னல் வரும், அனுமதி கொடுப்பீர்கள், மெயில் கொட்டும். சந்தோஷமாக எழுந்து போய்விடுவீர்கள். நானும் போனேன். மதியம் ஒரு பதில் அனுப்பினால், மறுபடி அதே "பாஸ்வேர்டு தவறு". மெயில் வருகிறது, போக மாட்டேன் என்கிறது.

காரணம், அனுப்பும் சர்வருக்குத் தனி செட்டிங் இருக்கிறது. சர்வர் செட்டிங்ஸ் பக்கத்தில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. இடது பக்கப் பட்டியலில் எல்லாக் கணக்குகளையும் தாண்டி அடியில் "அவுட்கோயிங் சர்வர்" என்று ஒன்று ஒளிந்திருக்கும். அதைச் சொடுக்கி, உங்கள் எஸ்எம்டிபி (மெயில் அனுப்பும்) சர்வரைத் தேர்ந்தெடுத்து, எடிட் அழுத்துங்கள். அங்கேயும் ஆதென்டிகேஷன் மெத்தட் இருக்கிறது. அதையும் ஓஆத்2 ஆக்குங்கள். போர்ட் 465 என்றால் எஸ்எஸ்எல்/டிஎல்எஸ், 587 என்றால் ஸ்டார்ட்டிஎல்எஸ். இந்த ஜோடியை மாற்றிப் போட்டால் மெயில் போகாது, சில சமயம் பிழைச் செய்திகூட உடனே வராமல் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும்.

இன்னொரு சிக்கல், லாகின் ஜன்னல் வெள்ளையாகத் திறந்து அப்படியே நிற்பது, அல்லது முழு லாகினும் முடித்த பிறகு மறுபடி முதலிலிருந்து கேட்பது. தண்டர்பேர்டின் செட்டிங்ஸில் பிரைவசி பக்கம் போய் குக்கீ அனுமதி இருக்கிறதா பாருங்கள். என்றைக்கோ பாதுகாப்பு என்று நினைத்து நான் அதை அணைத்து வைத்திருந்தேன். மெயில் செயலிக்குக் குக்கீ எதற்கு என்று தோன்றும். அந்த ஜன்னல் உள்ளுக்குள் ஒரு பிரவுசர்தான், அதனால் தேவை.

பழைய பாஸ்வேர்டும் உள்ளே இருந்துகொண்டு குழப்பும். அதே பிரைவசி பக்கத்தில் சேவ்டு பாஸ்வேர்ட்ஸ் திறந்து, அந்தக் கணக்கின் ஐமேப், எஸ்எம்டிபி வரிகளை மட்டும் நீக்குங்கள். "ஓஆத்" என்று தொடங்கும் வரி இருந்தால் அதுதான் புதிய டோக்கன், தொடாதீர்கள். தண்டர்பேர்டை ஒருமுறை மூடித் திறங்கள்.

படி 5: ஓஆத்2 தெரியாத பழைய சாதனங்கள்

ஸ்கேன் செய்து நேராக மெயில் அனுப்பும் பிரிண்டர், பழைய மெயில் செயலிகள், சிறு ஸ்கிரிப்ட்கள் ஆகியவற்றுக்கு லாகின் ஜன்னல் காட்டத் தெரியாது. இவற்றுக்கு ஆப் பாஸ்வேர்டு, அதாவது உங்கள் உண்மையான பாஸ்வேர்டுக்குப் பதில் மெயில் நிறுவனம் தரும் தனி பாஸ்வேர்டு. ஜிமெயிலில் பாதுகாப்புப் பக்கத்தில் கண்ணில் படாது. கணக்குப் பக்கத்தின் தேடல் பெட்டியில் ஆப் பாஸ்வேர்ட்ஸ் என்று தட்டினால் வரும். இரண்டு கட்டச் சரிபார்ப்பு இல்லாவிட்டால் வராது. 16 எழுத்துகள், நான்கு நான்காகப் பிரித்துக் காட்டும், இடைவெளி விடாமல் சேர்த்தே தட்டலாம். ஒருமுறைதான் காட்டும். மறந்தால் கவலையில்லை, அதை நீக்கிவிட்டு வேறு எடுத்துக்கொள்ளலாம். ஒரு சாதனத்துக்கு ஒன்று என்று தனித்தனியாக எடுத்துப் பெயரும் வையுங்கள். இந்த 16 எழுத்தை வைத்திருப்பவரிடம் போன் குறியீடு கேட்கப்படாது என்பதை மறக்க வேண்டாம்.

கூகுள் கணக்கின் முதன்மை பாஸ்வேர்டை மாற்றினால் ஆப் பாஸ்வேர்டுகள் எல்லாம் ரத்தாகிவிடும். பிரிண்டர் ஒருநாள் திடீரென்று மெயில் அனுப்ப மறுத்தால் இதைத்தான் முதலில் சந்தேகிப்பேன்.

அவுட்லுக்.காம் கணக்கில் இந்த வழி அடைபட்டுவிட்டது, ஐமேப், பாப், எஸ்எம்டிபி மூன்றுக்கும் ஓஆத்2 மட்டுமே. ஆகவே பழைய பிரிண்டருக்கு ஆப் பாஸ்வேர்டு அனுமதிக்கும் இடத்தில் தனியாக ஒரு கணக்கு திறந்து, அதை அனுப்புவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முக்கியக் கணக்கின் சாவியைப் பிரிண்டரிடம் கொடுக்க வேண்டிய அவசியம் என்ன?

படி 6: போன்

கணக்கைச் சேர்க்கும்போது நிறுவனத்தின் பெயரைத் தேர்ந்தெடுக்காமல் "மற்றவை" வழியாகச் சேர்த்திருந்தால், அது பழைய முறையில்தான் இருக்கும். ஐமேப் கணக்கு என்பதை உறுதி செய்துகொண்டு, அனுப்பாத வரைவுகள் இருந்தால் முதலில் அனுப்பிவிட்டு, போனில் மட்டும் நீக்கி, இந்த முறை நிறுவனத்தின் பெயரைத் தொட்டுச் சேருங்கள்.

படி 7: சோதனை

வேறொரு கணக்கிலிருந்து உங்களுக்கு ஒரு மெயில், உங்களிடமிருந்து அங்கே ஒரு மெயில். இரண்டும் போய்ச் சேர்ந்தால்தான் வேலை முடிந்தது. பிறகு பிரவுசரில், கணக்கை அணுக அனுமதி பெற்ற செயலிகளின் பட்டியலைப் பாருங்கள். தெரியாதது எது இருந்தாலும் நீக்குங்கள். ஃபில்டர்களையும் ஃபார்வர்டிங்கையும்கூட ஒருமுறை பார்த்துவிடுங்கள். கணக்குக்குள் ஒருமுறை நுழைந்தவர், வரும் மெயிலின் பிரதி தனக்கும் வரும்படி வைத்துவிட்டுப் போயிருந்தால், பாஸ்வேர்டு மாற்றியும் பயன் இல்லை.

பிற்சேர்க்கை 1: இதைப் படித்த ஒருவர், ஆதென்டிகேட்டர் குறியீடு ஒவ்வொரு முறையும் தவறு என்று வருவதாக எழுதினார். போன் கடிகாரத்தைக் கையால் சில நிமிடம் முன்னால் வைத்திருந்தாராம். அந்த 6 இலக்கம் நேரத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது, பொதுவாக 30 விநாடிக்கு ஒன்று. தேதியும் நேரமும் தானாக அமையும்படி மாற்றியதும் சரியாகிவிட்டது.

பிற்சேர்க்கை 2: "உங்கள் மெயில் 24 மணி நேரத்தில் நிறுத்தப்படும், இங்கே சொடுக்கிப் புதுப்பிக்கவும்" என்று வந்த மெயிலை இன்னொருவர் அனுப்பி, இது உண்மையா என்று கேட்டார். நிறுவனங்கள் லாகின் முறையை மாற்றும் காலத்தில் இந்த மாதிரி போலிகளும் கூடவே கிளம்பும். உண்மையா பொய்யா என்று ஆராய்ந்து நேரத்தை வீணாக்க வேண்டாம். எந்த மெயிலாக இருந்தாலும் உள்ளே இருக்கும் இணைப்பைத் தொடாமல், முகவரியை நீங்களே தட்டி உள்ளே போங்கள். உண்மையான அறிவிப்பு என்றால் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்திலோ நிறுவனத்தின் உதவிப் பக்கங்களிலோ அது இருக்கும். இதைச் செய்திருந்தால் நானும் அந்த அறிவிப்பைக் குப்பையில் போட்டிருக்க மாட்டேன்.