ஐம்பதிலேயே பென்ஷன் வாங்கலாம்தான், ஆனால் எஸ்டேட் வேலையை விடும் முன் இதைப் பாருங்கள்

குன்னூர், கோத்தகிரி, பந்தலூர் பக்கம் எந்தத் தேயிலை எஸ்டேட் லைனில் (தொழிலாளர் வீட்டு வரிசையில்) போய் உட்கார்ந்தாலும் இந்தப் பேச்சு வந்துவிடும். "அம்பது ஆயிட்டாப் போதும், பென்ஷனுக்கு எழுதிக் குடுத்துட்டு வீட்ல உக்காரலாம்." இது பொய் இல்லை. பி.எஃப். கூடவே ஓடுகிற 1995ஆம் வருடத்து பென்ஷன் திட்டத்தில் பத்து வருட சர்வீஸ் இருந்தால் 58 வயதில் முழு பென்ஷன், அவசரம் என்றால் 50 முடிந்தபின் எப்போது வேண்டுமானாலும் குறைத்த பென்ஷன். சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் அதை மட்டும் கேட்டுக்கொண்டு வேலையை விட்டவர்கள் எங்கே இடறி விழுகிறார்கள் என்பதை என் அம்மா விஷயத்தில் கூடவே இருந்து பார்த்தேன், அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மா 2001ல் கொழுந்து எடுக்கச் சேர்ந்தவர். 2020ல் வயது 51, சர்வீஸ் 19 வருடம், முழங்கால் வலியில் சரிவில் நிற்கவே முடியவில்லை. பக்கத்து வீட்டு அண்ணன் நல்ல மனதோடுதான் சொன்னார்: "அக்கா, இப்பவே எழுதிக் குடுங்க. கொஞ்சம் கொறச்சுத் தருவாங்க, 58 ஆனதும் தானா முழுசா மாத்திருவாங்க."

மாற்ற மாட்டார்கள். முதல் தவறு இதுதான். முன்கூட்டியே எடுத்தால் 58க்கு எத்தனை வருடம் பாக்கியோ, வருடத்துக்கு 4 சதவீதம் என்று வெட்டுவார்கள், அந்த வெட்டு ஆயுசுக்கும் அப்படியே நிற்கும். 58 வந்தாலும் 70 வந்தாலும் அதே தொகைதான். நமக்குப் பிறகு துணைக்கு வரும் குடும்ப பென்ஷன் நாம் வாங்கியதில் பாதி என்பதால், குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்ற வரம்புக்கு மேல் இருக்கிறவர்களுக்கு அதுவும் சேர்ந்தே குறைகிறது.

கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன், பேனா எடுத்துக்கொண்டு உங்கள் எண்ணை வைத்துப் பாருங்கள். கடைசி 60 மாதச் சம்பளத்தின் சராசரியை சர்வீஸ் வருடத்தால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். 2014 செப்டம்பருக்கு முந்தைய சர்வீஸுக்கு மட்டும் சராசரியை 6,500க்கு மேல் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அம்மாவுக்கு சராசரி 8,400. முந்தைய 13 வருடத்தை 6,500ஆலும் பிந்தைய 6 வருடத்தை 8,400ஆலும் பெருக்கி, இரண்டையும் கூட்டி 70ஆல் வகுத்தால் 1,927. வயது 51, அதாவது ஏழு வருடம் முன்னால், 28 சதவீதம் போனது. கைக்கு வந்தது மாதம் 1,388 ரூபாய். முதல் மாதம் பாஸ்புக்கில் என்ட்ரி போட்டுக்கொண்டு வந்து, அந்த வரியை விரலால் தொட்டுத் தொட்டு "இதுல பாதி மாசம்தான் எழுதியிருக்கா பாரு" என்று என்னிடம் கேட்டார். முழு மாசம்தான் அம்மா என்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

சம்பளம் அதிகம் உள்ளவர்களும் இங்கே ஏமாறுகிறார்கள். ஊட்டியில் ஒரு ஹோட்டலிலோ தனியார் பள்ளியிலோ 40,000 வாங்குகிறவருக்கும், கூடுதல் பென்ஷனுக்குத் தனியாக ஒப்புதல் வாங்கியிருந்தால் தவிர, 2014 செப்டம்பரிலிருந்து பென்ஷன் கணக்கு 15,000 ரூபாய்க்குத்தான். 18 வருட சர்வீஸ் என்றால் அதிகம் போனால் 3,857 ரூபாய், அதுவும் 58ல். இதை வைத்துக்கொண்டு 50ல் ஓய்வு என்று முடிவெடுப்பது நடக்கிற காரியமா என்று வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டுச் செய்யுங்கள்.

சரி, அப்படியானால் முன்கூட்டி எடுப்பதே தப்பா? அதுவும் இல்லை. வேலையை எப்படியும் விட்டாயிற்று என்றால், அம்மா ஏழு வருடம் காத்திருந்து 1,927 வாங்கியிருந்தால் மாதம் 539 அதிகம். ஆனால் அந்த ஏழு வருடத்தில் கைக்கு வரும் தொகை சுமார் 1,16,600. இரண்டும் சரிக்குச் சரி ஆக 76 வயது ஆகும். மருந்துக்கே கஷ்டம் என்கிற வீட்டில் இன்றைக்கு வரும் காசுக்கு மதிப்பு அதிகம், அதை நான் குறை சொல்ல மாட்டேன். 50லேயே தொடங்கணும் என்றும் கட்டாயம் இல்லை, 53, 55 என்று எந்த வயதிலும் தொடங்கலாம், தள்ளிப்போடும் ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவீதம் மிச்சம்.

உண்மையான நஷ்டம் அந்த 28 சதவீதத்தில் இல்லை, பேரை வெட்டிக்கொண்டதில் இருக்கிறது. அம்மா இன்னும் ஏழு வருடம் செக்ரோலில் (எஸ்டேட் பேர்ப் பதிவேட்டில்) இருந்திருந்தால் சர்வீஸ் 26 ஆகியிருக்கும், 20 வருடம் தாண்டி 58ல் ஓய்வு பெறுகிறவருக்கு இரண்டு வருடம் கூட்டிக் கொடுப்பார்கள், மொத்தம் 28. சம்பளம் ஒரு பைசா ஏறாவிட்டாலும் பென்ஷன் சுமார் 3,000. இரண்டு மடங்குக்கும் மேல். கிராஜுவிட்டியும் அப்படித்தான், வருடத்துக்குப் பதினைந்து நாள் கூலி என்று சர்வீஸோடு சேர்ந்து வளர்வது. அப்புறம் வீடு. இதை யாருமே கணக்கில் சேர்ப்பதில்லை. லைன் வீடு வேலைக்குக் கொடுத்தது, பென்ஷனுக்குக் கொடுத்தது இல்லை. வீட்டில் இன்னொருவர் எஸ்டேட் வேலையில் இல்லாவிட்டால் காலி செய்யத்தான் வேண்டும். எங்களுக்கு வாய்வழியாகச் சொன்னது, வீட்டுச் சாவியைக் கொடுத்தால்தான் சர்வீஸ் காசு, அதாவது அந்தக் கிராஜுவிட்டி. மலையில் ஒற்றை அறைக்கு வாடகை கொடுத்துப் பாருங்கள், 1,388 அதற்கே பத்தவில்லை. எஸ்டேட் ஆஸ்பத்திரி, விறகு, மாதாமாதம் வரும் தேயிலைத்தூள் எல்லாம் அந்தச் சாவியோடு போயிற்று. முழங்கால் முடியாதவர் முதலில் டாக்டர் சீட்டோடு போய், நாற்று வளர்க்கும் நர்சரியிலோ வேறு எங்காவதோ லேசான வேலை இருக்கிறதா என்று கேட்க வேண்டும். நாங்கள் கேட்கவில்லை.

இளசுகள் செய்வது வேறு தவறு. இங்கே மூன்று வருடம், திருப்பூர் பனியன் கம்பெனியில் நான்கு வருடம், திரும்ப கோயம்புத்தூர் மில்லில் மூன்று. ஒவ்வொரு முறையும் வேலையை விட்டபின் பி.எஃப். காசோடு பென்ஷன் காசையும் பத்து-சி படிவம் போட்டு எடுத்துவிடுவார்கள். கைக்கு வருவது சில ஆயிரம், போவது அத்தனை வருட சர்வீஸ். பத்து வருடம் உழைத்தும் கணக்கில் மூன்று வருடம்தான் நிற்கும். அதே படிவத்தில் பணத்துக்குப் பதிலாக ஸ்கீம் சர்டிபிகேட் (செய்த சர்வீஸைக் காக்கும் சான்று) கேட்கலாம், அல்லது கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப். எண்ணான ஒரே யு.ஏ.என். நம்பரில் பழைய கணக்கை மாற்றிக்கொள்ளலாம். சர்வீஸ் கூடிக்கொண்டே வரும்.

பிறந்த தேதியைப் பற்றி இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். சிலோனிலிருந்து வந்த குடும்பங்களில் பலருக்குப் பிறப்புச் சான்றிதழே கிடையாது, எஸ்டேட் ரெஜிஸ்டரில் ஆளைப் பார்த்து வயது போட்டிருப்பார்கள், ஆதாரில் ஜனவரி 1 என்று ஒரு தேதி இருக்கும். இரண்டும் ஒத்துப்போகாமல் பென்ஷன் படிவமான பத்து-டி திரும்பி வருகிறது. வேலையில் இருக்கும்போதே ஆபீசில் கையெழுத்து வாங்கித் திருத்திவிடுங்கள், விலகியபின் ரைட்டரை (எஸ்டேட் எழுத்தரை) தேடி அலைய வேண்டாம்.

வெலிங்டன் பட்டாளத்துக்காரரைப் பார்த்து, "அவர் 36 வயசுலயே பென்ஷன் வாங்கறாரே" என்று மனசைக் கெடுத்துக்கொள்வதும் உண்டு. சிப்பாய்க்கு 15 வருட சர்வீஸில் பென்ஷன் என்பது ராணுவத்துக்கான தனி விதி. அரசு வேலையில் இருப்பவர்கள் கதையும் வேறு: 2003 ஏப்ரலுக்கு முன் தமிழக அரசுப் பணியில் சேர்ந்தவர், 50 வயதோ 20 வருட சர்வீஸோ ஆகியிருந்தால் மூன்று மாத நோட்டீஸ் கொடுத்து விருப்ப ஓய்வில் போகலாம். கடிதத்தில் 'விருப்ப ஓய்வு' என்றே எழுத வேண்டும். கோபத்தில் 'ராஜினாமா' என்று எழுதி அது ஏற்கப்பட்டுவிட்டால் முந்தைய சர்வீஸ் மொத்தமும் அடிபடும், பென்ஷன் கிடையாது. ஒரே ஒரு சொல், அதற்காக எழுதும்போது பக்கத்தில் விவரம் தெரிந்தவரை வைத்துக்கொள்ளுங்கள்.

பென்ஷன் வந்தபின் வருடத்துக்கு ஒரு முறை உயிர்வாழ் சான்று. இருபது வருடம் கொழுந்து பறித்த விரலில் ரேகை தேய்ந்துபோய் மெஷின் எடுக்காது, அம்மாவுக்கு ஆறு முறை வைத்தும் எடுக்கவில்லை. போனில் முகத்தைக் காட்டியே ஜீவன் பிரமாண் போடலாம், அதைச் செய்யுங்கள்.

போன வாரம் சித்தியும் வந்து இதையே கேட்டார், ஆடி வந்தால் அவருக்கு 50, காலும் சரியில்லை, விட்டுவிடட்டுமா என்று. பி.எஃப். பாஸ்புக்கை போனில் இறக்கிப் பார்த்தேன். சர்வீஸ் 9 வருடம் 4 மாதம். ஒன்பதரை தொட்டால்தான் பத்தாக எடுத்துக்கொள்வார்கள், இன்றைக்கு விட்டால் பென்ஷனே கிடையாது. மூன்று மாதம் லீவு போடாமல் வேலைக்குப் பேர் போடச் சொல்லியிருக்கிறேன், அதற்குள் நர்சரி வேலைக்குத் துரையிடம் (எஸ்டேட் மேனேஜரிடம்) கேட்டுப் பார்க்க நானே கூடப் போகிறேன்.