தெரமின் கற்பவர் இணையத்தில் குட்டு வாங்குவது எப்படி

குட்டுப்பட்டாலும் மோதிரக் கையால் குட்டுப்பட வேண்டும் என்பார்கள். தெரமின் என்பது தொடாமலே, காற்றில் கையசைத்து வாசிக்கும் மின்னணு இசைக்கருவி. அதைக் கற்பவருக்கு அந்தக் கொடுப்பினை எளிதில் வாய்ப்பதில்லை. வயலினுக்கும் கிட்டாருக்கும் கிடைப்பதுபோல் இதற்கு ஆசிரியர் அகப்படுவதில்லை. எனவே வாசித்ததைப் பதிவு செய்து இணையத்தில் போட்டு, முகம் தெரியாதவர்களிடம் குட்டு வாங்குவதுதான் பலருக்கும் உள்ள ஒரே வழி. கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்தக் கருவியைத் தொட்டிருக்கவே மாட்டார்கள். (வாசிப்பவரும்தான் தொடுவதில்லை, அது வேறு விஷயம்.)

அவர்கள் சொல்வதை எப்படி எடுத்துக்கொள்வது? காதில் என்ன விழுந்தது என்று சொன்னால் அப்படியே நம்புங்கள். ஏன் அப்படி விழுந்தது என்று சொன்னால் சோதிக்காமல் நம்பாதீர்கள். இந்தக் கருவியில் ஒரே பிழைக்கு ஐந்தாறு காரணங்கள் இருக்கலாம்.

லெவ் தெர்மென் 1920 வாக்கில் உருவாக்கி, 1928-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற கருவி இது. உள்ளே இரண்டு ஆஸிலேட்டர்கள், அதாவது மின்னலைவை உண்டாக்கும் சுற்றுகள். ஒன்றின் அதிர்வெண் மாறாது. இன்னொன்று நிமிர்ந்து நிற்கும் ஆன்டெனாவோடு இணைந்தது. வலது கை நெருங்க நெருங்க மின்தேக்குத்திறன் மாறி, அதன் அதிர்வெண்ணும் நகரும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நாம் கேட்கும் சுருதி. ஒலியளவுக்குப் பக்கவாட்டில் ஒரு வளைய ஆன்டெனா: இடது கை அதை நோக்கி இறங்கினால் ஒலி தணியும், எழுந்தால் கூடும். சுருதி ஆன்டெனாவுக்கு விரல் எது, வயிறு எது என்று தெரியாது. நீங்கள் மூச்சை இழுத்து நெஞ்சு விரிந்தாலும் அது கணக்கில் சேர்த்துக்கொள்ளும். கேட்பவருக்குத் தெரிவதெல்லாம் "சுருதி சேரல" என்பது மட்டும். விரலா, முழங்கையா, உடம்பா, கருவியா என்று பிரித்துப் பார்ப்பது உங்கள் வேலை. அதற்குத் தோதாகப் பதிவு செய்யாவிட்டால் எத்தனை பேர் திட்டினாலும் பயனில்லை.

பதிவுக்கு முன்

கருவியை ஆன் செய்து 15 நிமிடம் சும்மா விடுங்கள். சூடேறும்வரை சுருதி தானாக நகரும். அந்தப் பழியும் உங்கள் தலையில் விழும். கிரவுண்ட் (தரையோடு மின் இணைப்பு) சரியாக இருக்கிறதா பாருங்கள். இரட்டை முள் அடாப்டரில் ஓடும் கருவியை மூன்று முள் பிளக் உள்ள ஆம்ப்ளிஃபயரோடு இணைத்தால் பெரும்பாலும் பிரச்சினை தீரும். ஹெட்போனை மட்டும் மாட்டி வாசிக்கிறவர்களுக்குத்தான் சுருதி காரணமில்லாமல் அலைபாயும்.

பிறகு வாசிக்கும் நிலையில் நின்று ஜீரோ பீட் வையுங்கள்: வலது கையைத் தோளருகே மடக்கினால் ஒலி அடிமட்டம்வரை இறங்கி ஓய்ந்துவிட வேண்டும். கால் வைத்த இடத்தில் தரையில் டேப் ஒட்டிவிடுங்கள். அடுத்த பதிவுக்கும் அதே இடம். சுற்றிலும் 2 மீட்டருக்குள் ஆளோ, இரும்பு ஸ்டாண்டோ, கேமரா முக்காலியோ இருக்கக் கூடாது.

ஒலியைப் போன் மைக்கில் பிடிக்காதீர்கள். போனில் உள்ள இரைச்சல் குறைப்பு, நீளமாக இழுக்கும் ஒரே ஸ்வரத்தை ஃபேன் சத்தம் என்று நினைத்து விழுங்கிவிடும். தானாக ஒலியளவு சரிசெய்யும் வசதி, இடது கை செய்யும் ஏற்ற இறக்கத்தையெல்லாம் சமப்படுத்திவிடும். "டைனமிக்ஸே இல்லை" என்று நாலு பேர் சொல்வார்கள், தப்பு போனுடையதாக இருக்கும். கருவியின் லைன் அவுட்டிலிருந்து ஆடியோ இன்டர்ஃபேஸுக்கு (ஒலியைக் கணினிக்குக் கொண்டுபோகும் பெட்டி) நேரடியாகக் கொடுத்து, உச்ச அளவு -12 டெசிபெல்லைத் தாண்டாமல் வையுங்கள். ரிவெர்ப் (செயற்கை எதிரொலிப்பு) வேண்டாம். சுருதியைத் தானாகத் திருத்தும் வசதி உங்கள் கருவியில் இருந்தால் (மோக் தெரெமினியில் இருக்கிறது) முழுக்க அணைத்துவிடுங்கள். அது ஓடினால் ஸ்வரங்கள் படிக்கட்டுபோல் குதிக்கும். கேட்பவர் அந்தப் பெட்டியை விமர்சித்துக்கொண்டிருப்பார், உங்களை அல்ல.

வீடியோ கட்டாயம். கேமரா நெஞ்சு உயரத்தில், நேர் எதிரே. இரண்டு கைகளும் இரண்டு முழங்கைகளும் இடுப்பும் தெரிய வேண்டும். முகம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பாட்டு 60 முதல் 90 விநாடி, மெதுவானது, ஒன்றரை ஆக்டேவுக்குள் அடங்குவது. தொடக்கத்தில் சுருதிப்பெட்டியின் ஆதார ஸ்வரத்தை 5 விநாடி ஒலிக்க விட்டு ஆரம்பியுங்கள். கேட்பவருக்கு அளவுகோல் வேண்டாமா?

எத்தனையாவது டேக்கைப் போடுவது என்பதில் பலர் ஏமாந்துபோகிறார்கள். இருபது முறை வாசித்து, அதில் தேறிய ஒன்றைப் போட்டால் பாராட்டு வரும், பாடம் வராது. உங்கள் வழக்கமான பிழைகள் அந்த ஒன்றில்தான் இருக்காது. மூன்றாவது டேக்கைப் போடுங்கள். கை இளகியிருக்கும், சோர்ந்திருக்காது.

கேட்கும் விதம்

"எப்படி இருக்கு?" என்று கேட்டால் "சூப்பர்" என்று பதில் வரும். "நான் புதுசு, தப்பிருந்தா மன்னிக்கணும்" என்று தொடங்கினால் எல்லோரும் மன்னித்துவிட்டுப் போய்விடுவார்கள். இரண்டு கேள்வி போதும். ஒன்று குறுகலாக, ஒன்று திறந்ததாக. இப்படி எழுதலாம்:

"5 மாதமாக, தினம் 40 நிமிடம் பயிற்சி. 0:35 முதல் 0:50 வரை மேல் ஸ்தாயிக்குப் போகும் தாவல்கள் சரியாக விழுகிறதா? விழவில்லை என்றால் மேலே போகிறதா, கீழே நிற்கிறதா? வேறு எது உறுத்தினாலும் நிமிடம், விநாடியோடு சொல்லுங்கள். கடுமையாகச் சொன்னாலும் சரி."

"மேலேயா, கீழேயா" என்ற கேள்விக்குத் தெரமின் தெரியாத பாடகரும் வயலின்காரரும் பதில் சொல்லிவிடுவார்கள். அவர்கள் காதை விடாதீர்கள்.

பதில் வந்த பிறகு

முதல் 24 மணி நேரம் விளக்கம் தராதீர்கள். "நன்றி, பார்க்கிறேன்" போதும். "அது ரூம்ல ஏசி ஓடினதால" என்று நீங்கள் சொன்ன மறுகணமே அடுத்தவர் வாயை மூடிக்கொள்வார். வந்ததையெல்லாம் ஒரு நோட்டில் மூன்று பத்தியாக எழுதுங்கள்: நேரம், அவர்கள் சொன்ன சொல் அப்படியே, சோதிக்க வேண்டியது.

கிண்டலையும் எழுதுங்கள். தெரமினுக்கு வரும் கிண்டல்கள் எங்கே போனாலும் ஏறக்குறைய ஒன்றுதான், ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஒரு சேதி இருக்கிறது. "பேய்ப் படம் மாதிரி இருக்கு" என்றால் வைப்ரேட்டோ (ஸ்வரத்தைச் சுற்றிச் சுருதி மேலும் கீழும் ஆடும் அசைவு) தேவைக்கு மேல் அகலம். விநாடிக்கு 5, 6 அசைவு என்ற வேகத்தில் ஒடுக்கமாக இருக்க வேண்டியது, மெதுவாகவும் அரைஸ்வர அகலத்துக்கும் ஆடுகிறது. ஸ்வரம் சரியாக விழாததை மறைக்கக் கை தானாகவே இந்த வேலையைச் செய்யும். ஒரு வாரம் வைப்ரேட்டோ இல்லாமல் வாசியுங்கள். மறைத்து வைத்திருந்ததெல்லாம் வெளியே வரும். "சைரன்" என்றால் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் பாதை முழுக்கக் கேட்கிறது. வலது கை நகரும் அந்த நொடியில் இடது கை வளையத்தை நோக்கி ஓர் அங்குலம் இறங்கி ஒலியைத் தணித்து, சேர்ந்ததும் எழ வேண்டும். "பூனை கத்துது" என்றால் நேர் எதிர்க் கோளாறு: இடது கை சீக்கிரம் எழுந்துவிடுகிறது, அதன் பிறகுதான் வலது கை ஸ்வரத்தைத் தேடிப் பிடிக்கிறது. "கொசு" என்றால் மேல் ஸ்தாயியில் ஒலியளவைக் குறைக்கவே இல்லை.

நிமிடம், விநாடியோடு வரும் குட்டுதான் தங்கம். "0:42-ல ஏறும்போது எகிறுது, முழங்கையை அசைக்கிறீங்க" என்று ஒருவர் எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த இடத்தில் ஸ-விலிருந்து ப-வுக்குத் தாவல். பதிவை டியூனரில் ஓடவிடுங்கள். ஓர் அரைஸ்வரத்துக்கு 100 சென்ட். ப 40 சென்ட் மேலே விழுந்து, அரை விநாடியில் இறங்கி அமர்கிறது என்று காட்டினால், கேட்டது உண்மை. இனி காரணம். வீடியோவைக் கால் வேகத்தில் பாருங்கள். மூடிய விரல்கள் விரிந்தாலே ப-வை எட்டிவிடலாம், முழங்கை நகர வேண்டியதில்லை. நகர்கிறதா? சந்தேகம் தீரப் பத்து முறை அதே தாவலை முழங்கை விலாவில் லேசாக உரசும்படி வாசியுங்கள், பத்து முறை வழக்கம்போல். 15 சென்டுக்குள் விழுந்தவற்றை எண்ணுங்கள். முதல் பத்தில் 8, அடுத்ததில் 3 என்றால் முழங்கைதான் குற்றவாளி. இரண்டிலும் 4 என்றால் கையைத் திட்டிப் பயனில்லை, காதில் அந்த ப இன்னும் பதியவில்லை. கையைக் கீழே போட்டுவிட்டு, சுருதிப்பெட்டியோடு ப-வைப் பாடிவிட்டு, பிறகு தாவுங்கள்.

பெரும்பாலான கருவிகளில் ஆன்டெனாவை நெருங்க நெருங்க ஸ்வரங்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். கீழே பொறுக்கப்படும் அதே மில்லிமீட்டர் பிழை மேலே அரைஸ்வரமாகிவிடும். "மேலே போனாலே தப்பு" என்று பலர் சொன்னால் இதையும் நினைவில் வையுங்கள்.

"நீளமான ஸ்வரம் மெல்ல நழுவுது" என்பது அடிக்கடி வரும் குறை. அதற்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. வாசித்து முடித்ததும் காலை நகர்த்தாமல் கையைத் தோளுக்குக் கொண்டுபோய் ஜீரோ பீட்டைப் பாருங்கள். ஆரம்பத்தில் வைத்த இடத்திலேயே இருந்தால் கருவி நகரவில்லை, நகர்ந்தது நீங்கள். சுருதி மேலே நழுவினால் முன்னால் சாய்கிறீர்கள், கீழே நழுவினால் கை சோர்ந்து பின்வாங்குகிறது. ஜீரோ பீட்டே இடம் மாறியிருந்தால் மேலே சொன்ன சூடும் கிரவுண்டும்தான் காரணம்.

ஒருவர் சொன்னது இன்னொருவர் சொன்னதற்கு நேர்மாறாக இருக்கும்

விரல் விஷயத்தில் இது நிச்சயம் நடக்கும். காற்றில் விரல் வைத்து வாசிக்கும் முறையை வளர்த்தவர் கிளாரா ராக்மோர். தெர்மெனிடமே கற்றவர் லிடியா கவினா. ஓர் ஆக்டேவை 8 விரல் நிலைகளாகப் பிரித்துக் கற்பிப்பவர் கரோலினா ஐக். மூவர் வழியில் வந்தவர்களும் உங்கள் வலது கையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார்கள். யார் சரி என்று தீர்ப்பு சொல்ல உட்காராதீர்கள். ஒரு முறையைப் பிடித்து 4 வாரம் மாற்றாமல் வாசியுங்கள். அதற்குள் வரும் மற்ற விரல் யோசனைகள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் தூங்கட்டும். சுருதி, ஒலியளவு, நிற்கும் விதம் பற்றிய குட்டுகள் எந்த முறைக்கும் பொருந்தும். அவற்றை ஒத்திப்போட வேண்டாம்.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் திருத்தவும் முடியாது. இரண்டு பேருக்கு மேல் தனித்தனியாகச் சொன்னதை முதலில் எடுங்கள். ஒரு சமயத்தில் ஒன்றுதான். ஆளைத் திட்டுவதை மட்டும் நீக்கிவிடலாம். வாசிப்பைத் திட்டுவதை, எவ்வளவு மட்டமாகச் சொல்லியிருந்தாலும், விட்டுவையுங்கள்.

மூன்று வாரம் கழித்து அதே பாட்டை, அதே டேப்பில் நின்று, அதே கேமரா இடத்தில் மறுபடி பதிவு செய்யுங்கள். பழையதில் 15 விநாடி, புதியதில் அதே 15 விநாடி, பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். "முழங்கை சொன்னவருக்கு: 10-க்கு 3 இப்போது 7 ஆகியிருக்கிறது" என்று சொன்னவருக்கே எழுதுங்கள். சொன்னது தப்பாக இருந்தாலும் எழுதுங்கள்: "முழங்கை இல்லை, சோதித்தேன், காதுதான் பிரச்சினை." சொன்னதை எடுத்துப் பார்த்தார்கள் என்று தெரிந்தால் அந்த ஆள் அடுத்த பதிவையும் முழுக்கக் கேட்பார். பழைய பதிவை அழித்துவிடாதீர்கள், அதோடு கீழே இருந்த குட்டுகளும் போய்விடும். வெட்கமாக இருந்தால், இணைப்பு தெரிந்தவர் மட்டும் பார்க்கும்படி மாற்றி வையுங்கள்.