சிவில் எஞ்சினியராகும் வழியில் வன்னிப் பிள்ளைகள் சறுக்கும் இடங்கள்

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் இருக்கிறது, தொழினுட்ப பீடமும் இருக்கிறது. ஒரே பஸ்ஸில் வந்து இறங்கலாம். ஆனால் இரண்டுக்கும் போகிற பாதை ஓ.எல் முடிந்த கையோடு பிரிந்துவிடுகிறது. பொறியியற் பீடத்துக்கு உயர்தரத்தில் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றும் வேண்டும். "பொறியியல் தொழினுட்பம் எடுத்தாலும் எஞ்சினியர்தானே" என்று தொழினுட்பப் பிரிவுக்குப் போன பிள்ளை, எவ்வளவு இசட் புள்ளி எடுத்தாலும் அந்தப் பீடத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. இரசாயனவியலைக் கைவிட்டுக் கணிதத்தையும் பௌதிகவியலையும் மட்டும் இழுத்துப் பிடிப்பதும் பிழை. மூன்றிலும் சித்தி வேண்டும்.

அடுத்தது மாவட்டம். பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா நான்கும் அந்தக் கடைசிப் பட்டியலில் உள்ளவை. நல்ல ரியூசன் கிடைக்கும் என்று பிள்ளையை வேறு மாவட்டப் பாடசாலைக்கு மாற்ற முன், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் மாவட்டம் எப்படித் தீர்மானிக்கப்படுகிறது என்ற பகுதியைப் பெற்றோர் வாசிக்க வேண்டும். பரீட்சைக்கு முந்திய மூன்று வருட விவரம் அங்கே பார்க்கப்படும். மாறியபின் யோசித்துப் பயனில்லை.

பீடத்துக்குள் போய்விட்டால் சிவில் கிடைத்துவிட்டது என்று நினைப்பவர்களும் உண்டு. தொடக்கப் பாடங்கள் எல்லாருக்கும் பொது. அந்தப் பெறுபேற்றையும் விருப்பத்தையும் வைத்துத்தான் துறை பிரிக்கப்படும். புதுமுகக் கொண்டாட்டத்தில் முதல் அரையாண்டைத் தொலைத்தவர் கேட்ட துறையைத் தொலைக்கலாம். விரிவுரை ஆங்கிலத்தில் என்பதால், உயர்தரப் பெறுபேறு வரும்வரை வீட்டில் இருக்கும் மாதங்களை ஆங்கிலத்துக்குக் கொடுப்பது நல்லது.

வெளிநாட்டுப் பட்டத்தில்தான் காசும் காலமும் சேர்ந்து போகின்றன. பொறியியற் பட்டங்களை நாடுகள் பரஸ்பரம் ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில் இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம் 2014இல் முழு உறுப்பினரானது. இந்தியாவும் அதே ஆண்டில் சேர்ந்தது. அதற்காகத் தமிழ்நாட்டுக் கல்லூரி எல்லாம் செல்லும் என்று அர்த்தமில்லை. அங்கே பாடநெறிகளை அங்கீகரிக்கும் தேசிய அமைப்பான என்.பி.ஏ.யின் 'முதலாம் அடுக்கு' அங்கீகாரம் பெற்ற பாடநெறிகள் மட்டுமே இந்த உடன்படிக்கைக்குள் வரும். கல்லூரியின் பெயரை விட்டுவிட்டு, உங்கள் பாடநெறியின் பெயரையும் அங்கீகாரம் எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை என்பதையும் பாருங்கள். முகவர் காட்டும் வண்ணத்தாளை நம்பாமல், கட்டணம் கட்ட முன் பொறியியலாளர் நிறுவகத்திடம் எழுத்தில் கேளுங்கள்.

படிக்கும் காலத்தில் வேலைத்தளப் பயிற்சியில் எழுதும் குறிப்பேடு பலருக்கு ஒரு சடங்கு. "இன்று கொங்கிறீற்று போட்டோம்" என்று ஆறு மாதத்துக்கு எழுதி, கடைசி வாரத்தில் கையெழுத்து வாங்குவார்கள். எழுத வேண்டியது வேறு: தரம் 25 கொங்கிறீற்று; 300 மி.மீ. உயரக் கூம்பில் மூன்று படையாக நிரப்பி, படைக்கு 25 குத்துக் குத்தி எடுத்த ஸ்லம்ப் (கூம்பைத் தூக்கியதும் கொங்கிறீற்று தாழும் அளவு) எவ்வளவு, வலிமை சோதிக்க 150 மி.மீ. கியூப் எத்தனை எடுத்தோம், எவை 7ஆம் நாளுக்கு, எவை 28ஆம் நாளுக்கு. குளக்கட்டு வேலையென்றால் படையின் தடிப்பு, மண்ணின் ஈரம், றோலர் ஓடிய தடவைகள். மண் காய்ந்திருந்தால் எத்தனை தடவை உருட்டினாலும் இறுகாது. ஈரம் கூடினால் சில்லுக்குக் கீழே மெத்தைபோல அசையும். அன்று அந்தப் படையை ஏற்றீர்களா, கிளறிக் காயவிட்டீர்களா, யார் முடிவெடுத்தது? பட்டம் முடித்து வேலை செய்து, பட்டயப் பொறியியலாளர் (சார்ட்டர்ட் எஞ்சினியர்) தகுதிக்கான தொழில்சார் மீளாய்வுக்குப் போகும்போது இதே கேள்விதான் வரும். "நாங்கள் செய்தோம்" என்ற அறிக்கை அங்கே எடுபடாது. நீங்கள் எடுத்த முடிவைத்தான் துருவுவார்கள். முதல் வேலையின் முதல் நாளிலிருந்தே இப்படி எழுதி வையுங்கள்.

என்.டி.ரி (தேசிய தொழினுட்ப டிப்ளோமா), எச்.என்.டி.ஈ (உயர் தேசிய பொறியியல் டிப்ளோமா) போன்ற டிப்ளோமாக்கள் தொழினுட்ப உத்தியோகத்தர் வேலைக்குச் சிறந்த படிகள். அவற்றை முடித்தவுடன் பெயருக்கு முன்னால் 'எஞ்சினியர்' போடுவது பிழை. பட்டம் வேண்டுமானால், வேலை செய்துகொண்டே திறந்த பல்கலைக்கழகத்தில் பொறியியற் சிறப்புப் பட்டம் படிக்கலாம்.

ஒப்பந்தகாரர் பதிவையும் இதோடு குழப்ப வேண்டாம். நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபையான சீடாவின் சி1, சி9 தரங்கள் ஒப்பந்த நிறுவனத்துக்கானவை. ஆளுக்கான பதிவு, 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இலங்கைப் பொறியியற் பேரவையில். பட்டயப் பொறியியலாளர் முதல் டிப்ளோமாதாரர் வரை அங்கே வெவ்வேறு வகுப்புகள் உண்டு. உங்கள் தகுதிக்குரிய வகுப்பில் பதிய வேண்டும்.

இன்னொன்று, சின்னதாகத் தெரியும். இடம்பெயர்வில் தொலைந்து பிறகு பிரதி எடுத்த பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, ஓ.எல் சான்றிதழ் மூன்றிலும் ஆங்கில எழுத்துக்கூட்டல் மூன்று மாதிரி இருப்பது இங்கே சாதாரணம். பல்கலைக்கழகப் பதிவுக்கு முன்பே அதை ஒன்றாக்குங்கள். பட்டச் சான்றிதழ் அச்சான பிறகு திருத்துவது பெரிய அலைச்சல்.